கேட்காமல் விட்ட ஒரு மணி நேரம்

மூன்றாம் எண் படுக்கையில் இருந்த தையல்காரர் மாலை நான்கு மணிக்கு இறந்தார். ஐந்தரைக்கு, அவருக்கு மருந்து ஏற்றிய நர்ஸைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருட்டுகிற நேரத்தில் அவளுடைய அக்காவின் ஃபோன் அடித்தது. அம்மாதான். ஒரே வரி.

"சின்னவளப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கடி."

அக்காவுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் யூனிக்ஸ் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "பெரியவளுக்கு சர்வர் வேலை" என்று அம்மா போகிற இடமெல்லாம் சொல்லி வைத்ததில், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவள் ஹோட்டலில் இலை எடுக்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதைத் திருத்தவில்லை. எதையும் சிரித்தே கடந்துவிடுகிற பெண். அன்று போலீஸ் ஸ்டேஷன் படியேறும்போது அந்தச் சிரிப்பு வரவில்லை.

தங்கை உள்ளறை பெஞ்சில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். கனத்த உடம்பு, விடாத இருமல்.

"பத்து நிமிஷம்" என்றார். "அழாம பேசறதா இருந்தா பேசுங்க."

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்லேருந்து சொல்லு. எதையும் விடாத."

"காலையில அவருக்கு ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கம்மின்னு ரிசல்ட் வந்துச்சுக்கா. டாக்டர் பொட்டாசியம் டிரிப்ஸ் போடச் சொன்னாரு. ரெண்டு மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பு, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஏத்து, ஏறியிருந்தா அந்த நிமிஷமே நிறுத்திடு, இல்லேன்னா இதயம் நின்னுடும்னாரு. அனுப்பினேன்."

"ரிசல்ட்?"

"ஸ்க்ரீன்ல வரவே இல்ல. மூணு மணிக்குப் பாத்தேன். மூணேகாலுக்குப் பாத்தேன். மூணரைக்குப் பாத்தேன். மூணேமுக்காலுக்கும் ஒரு தடவ திறந்தேன். காலையில வந்ததேதான் நின்னுது. லேப்புக்கு ஃபோன் அடிச்சேன், எங்கேஜ்டு. வெச்சுட்டு மறுபடி அடிச்சேன், அப்பவும் எங்கேஜ்டு. அதுக்குள்ள மானிட்டர் கத்த ஆரம்பிச்சுடுச்சு. டிரிப்ஸ நிறுத்தினேன். டாக்டர் ஓடி வந்தாரு. என்னென்னவோ செஞ்சாரு. எல்லாம் முடிஞ்சப்பறம் டாக்டர் அதே ஸ்க்ரீனத் திறந்தாரு. புது ரிசல்ட் இருக்குக்கா. பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. மூணு பத்துக்கே வந்ததாப் போட்டிருக்கு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான் நெஜமாவே பாத்தேனா?"

அக்காவை அந்தக் கடைசிக் கேள்விதான் அறுத்தது. மற்றவர்கள் நம்பாததைத் தாங்கிக்கொள்ளலாம். இவளே தன்னை நம்பாமல் போனால் நாளைக்குக் கோர்ட்டில் தலையாட்டிவிடுவாள்.

"ஸ்க்ரீன் உறைஞ்சு நின்னுடுச்சா? மெதுவா இருந்துச்சா?"

"இல்லக்கா. முன்னாடியெல்லாம் ஒரு ரிசல்ட்டத் திறக்கறதுக்குள்ள தூக்கமே வந்துடும். ஒரு மாசமாப் பறக்குது. தொட்டா திறக்குது."

இன்ஸ்பெக்டர் இருமிக்கொண்டே வந்து நின்றார். "இங்க பாருங்கம்மா. லேப்காரர் இவங்களுக்கு ஃபோன் அடிச்சுப் பாத்திருக்காரு. லைன் எங்கேஜ்டு. இவங்க யார்கிட்டயோ அரட்டை அடிச்சிட்டிருந்தாங்கன்னு ஆஸ்பத்திரி சொல்லுது. ரிசல்ட் மூணு பத்துக்கே சர்வர்ல ஏறியிருக்கு, கம்ப்யூட்டர் ஆள் எனக்கே காட்டினாரு. நாளைக்கு மூணு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அஜாக்கிரதைன்னுதான் இப்போதைக்கு எழுதியிருக்கேன். செத்தவரோட மச்சான் கொலைன்னு எழுதச் சொல்லி வாசல்ல நிக்கறாரு."

"சார், நான் இந்த மாதிரி மெஷின்லதான் வேலை செய்யறேன். ஒரே ஒரு தடவ அதைப் பாக்க விடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடத்தான் தெரியும். காலையில மறுபடி போறேன், கூட வாங்க. வாய மட்டும் தொறக்காதீங்க."

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். கணினிப் பிரிவுத் தலைவரை ஆஸ்பத்திரி முழுக்கப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். அவர் அறையில் மேஜை இழுப்பறையிலிருந்து தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் அலமாரி வரை எல்லாவற்றுக்கும் பூட்டு தொங்கியது. அக்கா யார் என்று தெரிந்ததும் முகத்தையும் பூட்டிக்கொண்டு, பேச்சையெல்லாம் இன்ஸ்பெக்டரிடமே வைத்துக்கொண்டார்.

"சார், ஒரு நோயாளிக்கு ஒரு ஃபைல். லேப்ல ரிசல்ட் போட்டா அது நேரா இந்த சர்வர்ல வந்து உக்காரும். ரெண்டாவது ரிசல்ட் வந்தா அதே ஃபைல் மேல எழுதிடும். வார்டு மெஷின் எல்லாம் நெட்வொர்க் வழியா இதே ஃபைலத்தான் திறக்குது. தனித்தனியா எங்கயும் எதுவும் கிடையாது. நேத்து இந்த ஃபைல் மாறின நேரம் மூணு பத்து. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"சர்வர் ஒரு மாசமா வேகமா இருக்காமே?" அக்கா வாயைத் திறந்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஆனால் பூட்டுக்கு அந்தக் கேள்வி இனித்தது.

"நான் பண்ணினது. ஃபைல் எடுத்துக் குடுக்க உள்ள எட்டு ஆள்தான் இருந்தாங்கன்னு வெச்சுக்குங்க. அறுபத்து நாலாக்கினேன். ஒரு நடைக்குத் தூக்கிட்டு வர்ற மூட்டையையும் பெருசாக்கினேன். மீட்டிங்ல எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"வார்டு மெஷின்ல ஏதாவது மாத்தினீங்களா?"

"தொடவே இல்ல."

அக்காவின் சந்தேகம் அங்கேதான் இருந்தது. வார்டு மெஷின் தான் படித்த ஃபைலின் நகல் ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சர்வரில் மாறிய பிறகும் அந்தப் பழைய நகலையே காட்டிக்கொண்டிருந்தால், தங்கை பார்த்தது உண்மை. அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றாள். பூட்டு மறுத்தார். இன்ஸ்பெக்டர், "பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

முதல் மாடியில் லேப். அதன் பொறுப்பாளரை எல்லோரும் 'லேப் ஐயா' என்றுதான் சொல்வார்கள். நரைத்த மீசை, குரல் உயராத மனிதர். அக்காவுக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உங்க தங்கச்சி நல்ல பொண்ணும்மா. ஏதோ நேரம். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. ரிசல்ட்டப் போட்டதும் ஃபோனையும் அடிச்சேன். எடுக்க முடியல. அந்த எங்கேஜ்டு டோன் இன்னும் காதுல கேக்குது."

சோதனை என்றதும் தயங்கவே இல்லை. "தாராளமா. இல்லாத நோயாளி ஒருத்தர் பேர்ல மாதிரி ரிசல்ட் போட்டுட்டு மாத்திக் காட்டறேன். இந்த சர்வர மொதமொதல்ல இங்க கொண்டு வந்து அமைச்சதே நான்தான்மா. அப்ப கம்ப்யூட்டர் பிரிவெல்லாம் ஏது? லேப் ரிசல்ட் லேட், லேட்னு மேல இருக்கறவங்க லேப்பையே வெளியாள் கிட்டக் குடுக்கப் பாத்தாங்க. வேகம் வந்தப்பறம்தான் அந்தப் பேச்சு அடங்குச்சு."

தீவிர சிகிச்சைப் பிரிவு அதற்கு மேல் மாடியில், நேர் மேலே. மூன்றாம் எண் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்க்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மாதிரி ரிசல்ட்டைத் திறந்தாள். கீழே லேப் ஐயா எண்ணை மாற்றினார். மறுபடி திறந்தாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் திறந்தது.

புது எண்தான்.

நான்கு முறை செய்து பார்த்தாள். நான்கு முறையும் புது எண்தான் வந்தது. பூட்டு ஒத்துக்கொண்ட ஒரே ஒரு கட்டளையை அடித்து, அந்த மெஷின் சர்வரோடு எந்த நிபந்தனைகளில் இணைந்திருக்கிறது என்றும் பார்த்தாள். மெஷினை வாங்கியபோது இருந்தபடியே இருந்தது. எதையும் யாரும் தொடவில்லை.

"திருப்தியா?" என்றார் பூட்டு.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

வராந்தாவில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுப்பதற்காகக் காத்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். மடியில் ஒரு மூக்குக் கண்ணாடி. அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். முகஜாடை காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நீ அவளுக்கு அக்காவா?"

"ஆமாங்க."

"கம்ப்யூட்டரு மேல பழியப் போட வந்தியா?"

அக்கா விலகி நடந்தாள். மாடிப்படி வளைவு வரை வந்து சுவரில் சாய்ந்தாள். ஃபோன் அதிர்ந்தது. அம்மா. எடுத்து என்ன சொல்வது? அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை பொய் சொல்கிற பிள்ளை இல்லை. ஆனால் களைத்த கண்ணுக்கு இல்லாதது தெரியலாம், இருப்பது தெரியாமல் போகலாம். ஒருவேளை பார்க்கவே இல்லையோ? அந்த எண்ணம் வந்ததற்காகவே தன் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்து வார்டின் கதவு திறந்திருந்தது. அங்கே மூத்த நர்ஸ் ஒருத்தி மெஷின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"உக்காரும்மா. உன் தங்கச்சிய எனக்கு நாலு வருஷமாத் தெரியும். மருந்துன்னா ரெண்டு தடவ பாக்கறவ. நாங்க யார் சொன்னா எடுபடப் போகுது?" மெஷினைக் காட்டினாள். "இதப் பாரு, போலீஸ் வந்ததுலேருந்து இதுக்கும் பயம் வந்துடுச்சு. நேத்து சாயந்திரம் ஆறு, ஆறேகால் இருக்கும், எல்லாம் ஒரு தடவ தானா அணைஞ்சு வந்துச்சு. அப்பறம் பழையபடி ஆமை."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "எல்லா வார்டுலயுமா?"

"எல்லா வார்டுலயும். சரி, நம்ம லேப் ஐயா இருக்காரே, ஃபோன்ல சொல்லிடுவாருன்னு நிம்மதி. தங்கமான மனுஷன். போன மாசத்துலேருந்து மறுபடி எடுக்கற ரத்தத்துக்கெல்லாம் அவரே அடிச்சுடறாரு. 'சிஸ்டர், ரெண்டாவது போட்டிருக்கேன், இவ்வளவு'ன்னு."

"ஆபத்தா இருந்தாத்தானே ஃபோன் பண்ணுவாங்க?"

"முன்னாடி அப்படித்தான். இப்ப நல்லா இருந்தாலும் அடிக்கறாரு. மொத ரிசல்ட்டுக்கு அடிக்க மாட்டாரு. ரெண்டாவதுன்னா ஃபோன் வந்துடும்."

அக்கா அந்த மெஷினில் சுற்றும் வட்டத்தைப் பார்த்தாள். பிறகு கீழ்த்தளத்துக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் அங்கே பூட்டின் வாக்குமூலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு கேள்வி. உங்ககிட்ட இல்ல, இவர்கிட்ட." பூட்டைப் பார்த்தாள். "உங்க அறுபத்து நாலு ஆளும் இப்ப வேலையிலதான் இருக்காங்களா?"

"இருக்காங்க. நான் எதையும் எடுக்கல."

"மூட்டை?"

"அதே அளவுதான்."

"அப்ப ஏன் நேத்துலேருந்து மறுபடி மெதுவாச்சு?"

பூட்டு திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க மாற்றம் எல்லாம் அப்படியே இருக்கு. வேகம் மட்டும் போயிடுச்சு. அப்ப அந்த வேகம் உங்க மாற்றத்தால வந்தது இல்ல. தயவுசெஞ்சு சர்வரோட ஒரு மாசக் கணக்கத் திறங்க. என் தங்கச்சிக்காக வேண்டாம். கை தட்டு உங்களுதா இல்லையான்னு உங்களுக்கே தெரியட்டும்."

அவர் சாவிக்கொத்தை எடுத்து இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்த விசைப்பலகையை மேஜை மேல் வைத்தார்.

சர்வர், தன்னிடம் வரும் ஒவ்வொரு வகை வேண்டுகோளையும் தனித்தனியாக எண்ணி வைக்கிறது. அந்த எண்ணிக்கைகள் கோடுகளாகத் திரையில் விரிந்தன. வார்டுகள் படித்த அளவு மாதம் முழுக்க ஒரே மட்டம். ஆனால் இன்னொரு கோடு போன மாதம் ஒரு நாள் செங்குத்தாக விழுந்து, நேற்று மாலை ஆறேகாலுக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது.

"இது என்ன கோடு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பூட்டுதான் சொன்னார். குரல் மாறியிருந்தது. "வார்டு மெஷின் சர்வரப் பாத்து 'ஃபைல் மாறிடுச்சா'ன்னு கேக்கற கேள்வி, சார். நான் எட்டு ஆள அறுபத்து நாலாக்கின அதே நாள். நான் பண்ணினதுன்னு நெனச்சுட்டேன். ஆளக் கூட்டினா கேள்வி குறையாது. இந்தக் கோட்ட நான் பாக்கவே இல்ல."

"புரியற மாதிரி சொல்லுங்க."

அக்கா சொன்னாள். "சார், பஸ்ல சின்னக் குழந்தையக் கூட்டிட்டுப் போனா 'ஊர் வந்துடுச்சா, ஊர் வந்துடுச்சா'ன்னு நொடிக்கொரு தரம் கேக்கும் இல்லையா? வார்டு மெஷின் அப்படித்தான். கையில இருக்கற நகலக் காட்டறதுக்கு முன்னாடி, மாறிடுச்சா, மாறிடுச்சான்னு சர்வரக் கேக்கும். இத்தன மெஷினும் கேட்டா, பதில் சொல்லியே சர்வர் ஓய்ஞ்சு போயிடும். அதான் பழைய மெதுவு. யாரோ ஒருத்தர், குழந்தைய அதட்டற மாதிரி, ஒரு மணி நேரத்துக்கு வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. ஃபைலத் திறக்கும்போதுகூடக் கேக்காதேன்னு. பஸ் அமைதியாயிடுச்சு. எல்லாம் பறந்துச்சு. ஆனா ஊர் வந்ததும் தெரியல."

இன்ஸ்பெக்டர் இருமவில்லை. "நாலு மணிக்கு டாக்டர் பாத்தப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"அவ மூணு மணிக்குத் திறந்தப்பதான் மெஷின் கடைசியாக் கேட்டிருக்கும், அந்த ஒரு மணி நேரம் நாலு மணிக்குத்தான் முடியும். அவ மூணேமுக்கால் வரைக்கும் பாத்திருக்கா. டாக்டர் நாலு மணிக்கு மேல பாத்தாரு. நடுவுல கெடு தீந்துடுச்சு."

"சரி. நேத்து ஆறேகாலுக்கு யாரோ அந்த உத்தரவ அழிச்சிருக்காங்க." அவர் பார்வை பூட்டின் மேல் போனது, பிறகு விலகியது. "நீங்க இல்ல. ஆறுலேருந்து ஏழு வரைக்கும் என் எதிர்லதான் உக்காந்திருந்தீங்க. ஆனாலும்மா, இதெல்லாம் வாய்ப் பேச்சு. இப்பப் பாத்தா எல்லா மெஷினும் ஒழுங்கா இருக்கு. மாஜிஸ்ட்ரேட் கிட்டக் கோட்டக் காட்டினா என்ன சொல்வாரு?"

மணி பன்னிரண்டரை. எல்லாம் தெரிந்தும் அக்காவின் கையில் ஒன்றுமில்லை. அழித்தவர் எல்லா மெஷினையும் தூரத்திலிருந்தே அணைத்துப் போட்டிருக்கிறார். எல்லா மெஷினையும். எட்டாத ஒன்றே ஒன்று இருந்தால்?

"நேத்து சாயந்திரம் நெட்வொர்க்ல இல்லாத வார்டு மெஷின் ஏதாவது இருக்கா?"

பூட்டு பட்டியலை ஓட்டினார். ஒன்றைத் தவிர எல்லாம் நேற்று ஆறேகாலிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒன்று பதிலே சொல்லவில்லை. "குழந்தைங்க வார்டு. பெயிண்ட் அடிக்கறாங்க. முந்தாநாள்லேருந்து லைன் இல்ல. செத்த மெஷினா இருக்கும்."

மூவரும் ஓடினார்கள். கனத்த உடம்போடு இன்ஸ்பெக்டர்தான் முன்னால். குழந்தைகள் வார்டில் கட்டில்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். மூலையில் மேஜை, அதன் மேலும் தாள். அக்கா அதை விலக்கினாள். திரை எரிந்துகொண்டிருந்தது, உறைந்துபோய். மெஷின் சாகவில்லை. சுவரில் நெட்வொர்க் பெட்டிக்கான பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்டர் தன் தேய்ப்பு இயந்திரத்தைச் சொருகியிருந்தான்.

"வேற ஓட்டை இல்லீங்க, அதான்" என்றான் பயந்துபோய்.

"புண்ணியவான்" என்றாள் அக்கா.

பிளக்கை மாற்றியதும் பெட்டியின் பச்சை விளக்குகள் மினுங்கின. உறைந்த திரை அசைந்தது. யாரும் இந்த மெஷினை அணைத்துப் போடவில்லை. அது முந்தாநாள் எந்த நிபந்தனையில் சர்வரோடு இணைந்ததோ அதே நிபந்தனையில் இன்னும் இருந்தது. அக்கா கட்டளையை அடித்தாள். ஒரே வரி வந்தது. அந்த வரியின் நடுவே, திறக்கும்போது கேட்காதே என்பதும், மூவாயிரத்து அறுநூறு நொடி, அதாவது ஒரு மணி நேரம், கேட்காதே என்பதும் அப்பட்டமாக நின்றன.

அக்கா இங்கேயும் பக்கத்து வார்டிலும் மாதிரி ரிசல்ட்டை ஒருமுறை திறந்து வைத்தாள், இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளை லேப்புக்கு அனுப்பினார். இந்த முறை லேப் ஐயா எதையும் தொடவில்லை, அவருடைய உதவியாளர்தான் மாதிரி ரிசல்ட்டை மாற்றினார். பக்கத்து வார்டு மெஷினில் மெதுவாகப் புது எண் வந்தது. குழந்தைகள் வார்டு மெஷினில் தொட்டதும் திறந்தது. பழைய எண். இன்ஸ்பெக்டர் தானே உட்கார்ந்து, ஒரு விரலால், ஐந்தாறு முறை திறந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் பழைய எண்தான்.

"பாத்திருக்கா" என்றார் மெல்ல. "பொண்ணு பாத்திருக்கா."

அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சில நொடிதான். பிறகு, "வாங்க சார், லேப்புக்குப் போவோம்" என்றாள்.

லேப் ஐயா அவர்களைக் கண்டதும் எழுந்தார். நாற்காலி போடவில்லை.

"ஐயா," என்றாள் அக்கா, "நீங்க போலீஸ்கிட்டச் சொன்னதுல ஒரு பொய்கூட இல்ல. ரிசல்ட் மூணு பத்துக்குப் போட்டீங்க. ஃபோன் அடிச்சீங்க. எங்கேஜ்டா இருந்துச்சு. எல்லாம் நெஜம். அதனாலதான் உங்கள யாரும் சந்தேகப்படல. ஆனா ஒரு மாசமா ஆபத்தில்லாத ரிசல்ட்டுக்கும் ஃபோன் அடிச்சீங்களே, அது ஏன்? அதுவும் ரெண்டாவது ரிசல்ட்டுக்கு மட்டும்?"

அவர் மேஜையில் இருந்த ஃபோனைப் பார்த்தார்.

"மொத ரிசல்ட் புது ஃபைல். வார்டு மெஷின்கிட்ட நகல் இருக்காது, சர்வர்கிட்டதான் போகணும், சரியாக் காட்டும். ரெண்டாவது, இருக்கற ஃபைல் மேல எழுதறது. அதுதான் பழசாத் தெரியும். இந்த வித்தியாசம் ஒருத்தருக்குத்தான் தெரியும். மெஷின வாயடைச்சவருக்கு. இந்த சர்வர இங்க அமைச்சது நீங்க. அன்னிக்கு எல்லா மெஷினுக்கும் வெச்ச தலைமைப் பாஸ்வேர்டு இன்னும் அதேதானே?"

பின்னால் நின்ற பூட்டு தலையைக் குனிந்துகொண்டார். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பூட்டியவர் அதை மட்டும் மாற்றியிருக்கவில்லை.

லேப் ஐயா உட்கார்ந்தார். மீசையைத் தடவினார்.

"லேப்ப வித்துடுவாங்கன்னு இருந்துச்சும்மா. பதினாறு பேரு இங்க. இவர் சர்வர மாத்தின அன்னிக்கே நானும் மாத்தினேன், யாருக்கும் தெரியாதுன்னு. ஆபத்து வராம நான் ஃபோன்ல பாத்துக்கலாம்னு நெனச்சேன். ஒரு மாசம் பாத்துக்கிட்டேன். நேத்து நாலு தடவ அடிச்சேன். எங்கேஜ்டு."

"அவளும் அந்த நேரத்துல உங்களுக்குத்தான் அடிச்சிட்டிருந்தா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "மேல் மாடிதானே? படி ஏறிப் போயிருந்தா?"

"கீழ ரத்தம் வரிசையா வந்துட்டிருந்துச்சு. ஒரு மணி நேரக் கெடு முடியப் போகுது, ஸ்க்ரீன்ல தானா வந்துடும்னு..."

"சாயந்திரம் அத அழிச்சீங்களே," என்றாள் அக்கா. "தெரியாம நடந்ததுன்னு மொதல் தப்ப மன்னிக்கலாம். அந்தப் பொண்ண ஜீப்புல ஏத்தினப்பறம் வந்து உக்காந்து அழிச்சிருக்கீங்க. எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டீங்க."

அவர் அழுதார். யாரும் தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் இன்ஸ்பெக்டர் வேறு ஒரு அறிக்கையை வைத்தார். பூட்டு கூடவே வந்து, வேகம் தன்னால் வந்ததில்லை என்றும், அந்தக் கோட்டைத் தான் பார்க்கத் தவறிவிட்டதாகவும் தானாகவே சொன்னார். அதைச் சொல்லச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

சின்னவள் விடுதலையாகி வெளியே வந்ததும் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு தங்கை கேட்டாள்.

"அக்கா. நான் ஃபோன வெச்சிருந்தா லேப் ஐயாவோட ஃபோன் வந்திருக்கும் இல்ல?"

அம்மா பெரியவளைப் பார்த்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்லேன் என்கிற பார்வை.

"வந்திருக்கும்" என்றாள் அக்கா. "அவரு வெச்சிருந்தா உன் ஃபோன் போயிருக்கும். ரெண்டு பேரும் அந்தத் தையல்காரர் உயிருக்காகத்தான் அடிச்சீங்க. ஆனா நீ எதையும் மறைக்கல."

தங்கை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுக்கா" என்றாள்.

"இன்னிக்கு வேணாம்டி."

"அந்தம்மா இன்னும் அங்கதான் இருப்பாங்க."

இருந்தாள். வராந்தாவில் அதே இடம். செய்தி அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை கசங்கிய வெள்ளை உடுப்போடு அவள் எதிரில் போய் நின்றாள். கும்பிடவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. அக்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள், ஏதாவது நடந்தால் இழுத்துக்கொள்ளத் தயாராக.

தையல்காரரின் மனைவி மடியிலிருந்த மூக்குக் கண்ணாடியை மடக்கினாள்.

"என்னய வெளியவே நிக்க வெச்சுட்டாங்க" என்றாள். "நேத்துலேருந்து யாரக் கேக்கறதுன்னு தெரியல. கடைசியா நீதானே கூட இருந்த. அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

தங்கை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு மணி இருக்கும்மா. கை மரத்துப் போற மாதிரி இருக்குன்னாரு. புடிச்சு விட்டேன். உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். தையல்னாரு. அப்பறம் என் உடுப்போட தோள்பட்டையப் பாத்தாரு. 'இந்த வெட்டு சரியில்லம்மா, கை தூக்கினா இழுக்கும், கழட்டிக் குடுத்தா நாளைக்கே சரி பண்ணித் தர்றேன்'னு சொன்னாரு."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அவருதான்" என்றாள். "அப்படித்தான் சொல்லுவாரு." கையை நீட்டி, அந்தத் தோள்பட்டைத் தையலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.